நாலு சின்னச் சுழலி, ஒரே கம்பம்: செய்து பார்த்தவர்கள் வாங்க

வால்காற்றாடி:

ஒரு பெரிய சுழலிக்கு (பிளேடுகள் சேர்ந்து சுற்றுகிற பாகம்) பதிலாக ரெண்டோ மூணோ நாலோ சின்னது மாட்டிக் காற்றாலை செய்து பார்த்தவர்கள் இருந்தால் அனுபவத்தைக் கொட்டுங்கள். சரியாக வந்ததை விடச் சொதப்பியதுதான் எனக்கு வேண்டும். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2.4 மீட்டர் விட்டத்தில் ஒன்று செய்வதாகத்தான் முதலில் திட்டம். அதன் வட்டப் பரப்பு நாலரைச் சதுர மீட்டர். 1.2 மீட்டரில் நாலு செய்தாலும் அதே நாலரைதான். சின்ன பிளேடு என்றால் மேஜை மேல் வைத்தே செதுக்கலாம், தனி ஆளாக ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறலாம், ஒன்று உடைந்தால் மற்ற மூன்றும் ஓடும் என்று கணக்குப் போட்டேன். எடைக் கணக்கும் ஆசை காட்டியது. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கிற காற்று நாலு மடங்கு, சுழலியின் எடையோ எட்டு மடங்கு. அப்படியே திருப்பிப் பார்த்தால், நாலு சின்னதும் சேர்ந்து பெரியதில் பாதி எடைதான் வரவேண்டும்.

நடுவில் கம்பம், அதன் தலையில் சட்டம் திரும்புவதற்குப் பழைய கார் வீல் ஹப், அதன் மேல் சதுரக் குழாயில் சட்டம், நாலு மூலையில் நாலு சுழலி, காற்றை நோக்கித் திருப்பப் பின்னால் ஒரே வால். சுழலிக்குச் சுழலி ஒரு சாண் இடைவெளி. முதல் ரெண்டு மாதம் எந்த வம்பும் இல்லை. மூன்றாவது மாதம் மேல் இடது சுழலியில் லொடலொட சத்தம். பேரிங் போய்விட்டது. மாற்றுகிற வரைக்கும் சும்மா நிற்கட்டும் என்று அதன் ஜெனரேட்டரின் மூன்று வயரையும் ஒன்றாகச் சேர்த்து ஷார்ட் பண்ணி (அப்படிச் செய்தால் ஜெனரேட்டரே பிரேக் ஆகிவிடும்) நிறுத்திவிட்டு, மற்ற மூன்றையும் ஓடவிட்டேன்.

அன்று சாயங்காலம் நல்ல காற்று. அம்மீட்டரைப் பார்த்தால் மூன்று சுழலிக்கு உரியது வரவில்லை, ஒன்றுக்குச் சற்று மேலே முள் ஆடிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்து பார்க்கிறேன், சட்டம் மொத்தமும் காற்றுக்குத் தோளைக் காட்டிக்கொண்டு கோணலாக நிற்கிறது. வால் படபடவென்று அடித்துக்கொண்டு அதை இழுத்துத் திருப்பப் பார்க்கிறது, முடியவில்லை.

காரணம் புரிய ஒரு ராத்திரி ஆனது. ஓடுகிற சுழலி காற்றுக்கு ஒரு தட்டு மாதிரி. நின்றுபோனதோ மூன்று குச்சி. காற்று ஊடே போய்விடும். நொடிக்கு 8 மீட்டர் காற்றில், ஓடுகிற ஒவ்வொரு சுழலியையும் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடைக்குச் சமமான விசை பின்னால் தள்ளும். வலது பக்கம் ரெண்டு தள்ளுகிறது, இடது பக்கம் ஒன்றுதான் தள்ளுகிறது. முக்கால் மீட்டர் நீளக் கையில் அந்த வித்தியாசம் போதும், வலது பக்கம் பின்வாங்கிவிடும். ஒன்று போனால் மூன்று ஓடும் என்ற என் கணக்கு அங்கேயே செத்தது.

இப்போது ஜோடி ஜோடியாகத்தான் நிறுத்துகிறேன். மேல் இடதை நிறுத்தினால் அதே சுவிட்சில் மேல் வலதும் நிற்கும். வாலையும் பெரிதாக்கினேன்.

மூன்றுகட்டம்:

அண்ணே, உங்களுக்கு ஒன்று நின்றதால் வம்பு. எனக்கு ரெண்டும் ஓடினதால் வம்பு.

ரெண்டு சுழலிதான் என்னுடையது, பக்கத்தில் பக்கத்தில். ரெண்டு ஸ்டேட்டரும் (காயில்களை ரெசினில் பதித்த, சுற்றாத பாகம்) ஒரே வார்ப்பு அச்சில் வார்த்தது. சுற்றுகிற தட்டுக்கு 12 காந்தம், ஸ்டேட்டருக்கு 9 காயில், மூன்று பேஸ். ரெண்டுக்கும் தனித்தனி டையோடு பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்குவது) எதற்கு, ஒன்று மிச்சம் பிடிப்போம் என்று ரெண்டின் ஏசி வயரையும் நிறத்துக்கு நிறம் முடிச்சுப் போட்டு ஒரே பிரிட்ஜில் கொடுத்துவிட்டேன். கீழே வைத்துக் கையால் ஒன்றைச் சுற்றினால் மற்றது உதறுகிறது. அட, இது மோட்டாராகவும் ஓடுமே என்று ரசித்தேன். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மேலே ஏற்றியதும் ரெண்டும் கொஞ்சம் வேகம் எடுக்கும், பிறகு ஜுரம் வந்தவன் மாதிரி உடம்பெல்லாம் நடுங்கும், மறுபடி மெதுவாகும். கம்பத்தில் கை வைத்தால் பல் கூசுகிற அதிர்வு. 480 சுற்றில் ஓடுகிறது 48 ஹெர்ட்ஸ் தரும். பக்கத்தில் இருக்கிறது 470-ல் ஓடினால் 47. அப்படியானால் நொடிக்கு ஒரு தடவை ரெண்டும் நேருக்கு நேர் எதிர்ப் பேஸில் வந்து மோதும். பேட்டரிக்குப் போகவேண்டிய கரண்ட் ஒரு ஸ்டேட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போய் அங்கே சூடாகத் தீர்ந்துபோகும். கழற்றிப் பார்த்தபோது ஒரு காயில் இருந்த இடத்தில் ரெசின் காபித்தூள் நிறத்துக்கு மாறியிருந்தது.

ஒவ்வொரு சுழலிக்கும் ஒரு பிரிட்ஜ். டிசி ஆன பிறகுதான் சேர்க்க வேண்டும். மெதுவாக ஓடுகிறதைப் பிரிட்ஜே ஒதுக்கி வைத்துவிடும், வேகமாக ஓடுகிறது மட்டும் பேட்டரிக்குத் தரும். ஒருவர் காலை ஒருவர் வாருகிற பேச்சே இல்லை.

பழையபேரிங்:

பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் புண்ணியவான்கள். நான் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே தண்டில் மூன்று மாட்டினேன். ஒரு ஜெனரேட்டர் போதும், ஒரு வால் போதும், மூன்று மடங்கு பவர் என்று மனக்கோட்டை.

ஒரு சுழலி மட்டும் இருந்தபோது வந்த ஆம்பை எழுதி வைத்திருந்தேன். ரெண்டாவதை மாட்டியதும் கொஞ்சம் கூடியது. மூன்றாவதை மாட்டியதும் அம்மீட்டர் கண்ணே சிமிட்டவில்லை. ஏணியில் நின்று, நீளக் குச்சியின் நுனியில் கம்பளி நூல் கட்டி நீட்டிப் பார்த்தேன். முன் சுழலிக்கு முன்னால் நூல் விறைப்பாகக் கிடையாக நிற்கிறது. முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவில் தொய்ந்துபோய், வளைந்து வளைந்து சுற்றுகிறது. கடைசிக்குப் பின்னால் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறுகிறது. அந்த நூலைப் பார்த்த பிறகு புத்தகம் புரிந்தது.

ஒரு சுழலி காற்றிலிருந்து அதிகபட்சம் எடுக்க முடிந்தது 59.3 சதவீதம். பெட்ஸ் வரம்பு என்பது இதுதான். அந்த அளவுக்கு எடுத்துவிட்டால் பின்னால் வெளியேறுகிற காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். காற்றின் பவர் வேகத்தின் மும்மடி என்பதால், மிச்சம் இருப்பது அதே பரப்புக்கு 27-ல் ஒரு பங்கு. பின்னால் நிற்கிறவனுக்குச் சாப்பிட என்ன இருக்கும்? ரெண்டு சுழலியைக் கச்சிதமாக அமைத்தாலும் கோட்பாட்டின்படி 64 சதவீதம்தான் உச்சம். அந்த 4.7 சதவீதத்துக்காகவா இன்னொரு செட் பிளேடு செதுக்குவது?

ஒரே தண்டில் பல சுழலி வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் டக் செல்சம் என்பவர் ஏழு சுழலியை ஒரே தண்டில் மாட்டி ஓட்டிக் காட்டினார். அவருடைய தந்திரம் தண்டைக் காற்றுக்கு நேராக வைக்காமல் சாய்த்து வைப்பதும், சுழலிகளைத் தள்ளித் தள்ளி மாட்டுவதும். அதனால் ஒவ்வொன்றுக்கும் புதுக் காற்று வந்து சேரும். நானும் சாய்த்துப் பார்த்தேன். பவர் கூடியது நிஜம். ஆனால் நீளத் தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி நடுவில் வீங்கிச் சுற்ற ஆரம்பித்தது. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்னும் நினைவு வரவில்லை.

நட்டுபோல்ட்:

எல்லா நட்டும் நைலாக் நட்டாக (உள்ளே நைலான் வளையம் இருப்பது, அதிர்வில் லேசில் கழலாது) போடுங்கள். ஒரு சுழலியில் கழன்றால் ஒரு பிளேடு போகும். நாலு வைத்தால் நாலு மடங்கு நட்டு, நாலு மடங்கு கவலை.

இன்னொன்று. ராத்திரி "வூம்... வூம்..." என்று ஏறி இறங்கும் சத்தம் யாருக்காவது வருகிறதா? பேரிங்தான் என்று நினைத்து மூன்று தடவை கழற்றினேன். பேரிங்கில் ஒரு குற்றமும் இல்லை. ரெண்டு சுழலி கொஞ்சம் வித்தியாசமான வேகத்தில் ஓடினால் அந்த ரெண்டு சத்தமும் சேர்ந்து தருகிற அலை அது. ரெண்டு வீணைத் தந்தியை ஒரே சுருதிக்குக் கொண்டுவரும்போது கேட்குமே, அதே. வீட்டுச் சுவரில் கம்பத்தைக் கட்டியிருந்ததால் படுக்கையறை முழுக்க அதுதான் தாலாட்டு. இப்போது கம்பம் வீட்டைத் தொடாமல் தனியாக, ஸ்டே கம்பி கட்டி நிற்கிறது.

ஓம்விதி:

நான் எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். யாருக்காவது உதவட்டும்.

மூன்று சுழலி, 24 வோல்ட் பேட்டரி. மூன்றின் டிசியும் ஒரு இடத்தில் சேர்ந்து, ஒரே பியூஸ் வழியாகப் பேட்டரிக்கு. பேட்டரி நிரம்பினால் மிச்சக் கரண்ட் ஹீட்டர் கம்பிக்குப் போகிற மாதிரி ஒரு கன்ட்ரோலர். எல்லாம் சரி, அந்த ஒற்றைப் பியூஸைத் தவிர. ஒரு பலத்த காற்றில் அது போனது. அந்த நொடியே மூன்றுக்கும் பாரம் இல்லை. சத்தம் முதலில் சீட்டி மாதிரி, அப்புறம் துணி கிழிகிற மாதிரி. கண்ணுக்குப் பிளேடே தெரியவில்லை, மூன்று சாம்பல் வட்டம்தான்.

பிரேக் சுவிட்ச் வைத்திருந்தேன். எங்கே? பிரிட்ஜுக்கும் பியூஸுக்கும் அந்தப் பக்கம், பேட்டரிப் பெட்டிக்குள். பியூஸ் போனதும் அந்தச் சுவிட்ச் எதையும் பிடிக்காது. வாலில் அவசரத்துக்கு என்று ஒரு கயிறு கட்டிக் கீழே விட்டிருந்தேன், விளையாட்டாக. அதுதான் காப்பாற்றியது. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வால் மடங்கி, சட்டம் காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி, வேகம் குறைய எத்தனை நேரம் ஆனதோ, கயிறு தேய்த்த தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு சுழலிக்கும் தனி பியூஸ். மூன்று பேஸையும் ஷார்ட் பண்ணுகிற சுவிட்ச் ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் முன்னாலேயே, கம்பத்தின் அடியில். பறக்கிற வேகத்தில் ஓடும்போது ஷார்ட் பண்ணினால் நிற்கும் என்று நம்பவும் வேண்டாம். காற்று ஜெயித்துவிட்டால் காயில்தான் எரியும். காற்று எழும்புவதற்கு முன்பே நிறுத்துகிறேன்.

ஒற்றைமரம்:

இவ்வளவு படித்த பிறகு சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். நானும் மூன்று வைத்திருந்தேன். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரே ஒரு பெரியது ஏற்றிவிட்டேன்.

வால்காற்றாடி சொன்ன பாதி எடைக் கணக்கு சுழலிக்கு மட்டும்தான். அதைத் தாங்குகிற சட்டத்தின் எடையை யார் சேர்ப்பது? என் சட்டம் மூன்று சுழலியையும் விடக் கனமாக இருந்தது. சின்ன பிளேடில் காற்று சரியாக ஒட்டியும் போகாது. அகலம் குறையக் குறையத் திறன் குறையும். 2016-ல் டென்மார்க்கின் ரிசோவில் வெஸ்டாஸ் நிறுவனம் 29 மீட்டர் விட்டத்தில் நாலு சுழலியை ஒரே கோபுரத்தில் ஏற்றியது. ஒவ்வொன்றும் 225 கிலோவாட். அவர்களே ரெண்டு ரெண்டாக ரெண்டு அடுக்கு வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகத் திருப்பினார்கள். அங்கே கம்ப்யூட்டர் கவனித்துக்கொண்டது. நமக்கு ஒரு தகர வால்.

வால்காற்றாடி:

ஒற்றைமரம் சார், கோபம் எதற்கு, சட்டத்தின் எடை விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு. என் சட்டத்தையும் எடை போட்டேன், வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சின்ன சுழலி வேகமாகச் சுற்றும். நொடிக்கு 5 மீட்டர் காற்றில், பிளேடு நுனி காற்றைப் போல் ஆறு மடங்கு வேகம் என்று வைத்தால், 2.4 மீட்டர் சுழலி நிமிடத்துக்கு 240 சுற்று, 1.2 மீட்டர் சுழலி 480 சுற்று. பவர் நாலில் ஒரு பங்கு, வேகம் இரட்டிப்பு, ஆகவே ஒவ்வொன்றின் முறுக்கு விசையும் எட்டில் ஒரு பங்கு. நாலையும் கூட்டினால் பெரியதில் பாதி. ஜெனரேட்டரின் அளவை முடிவு செய்வது முறுக்கு விசைதானே? காந்தமும் செம்பும் ஏறக்குறைய பாதி போதும். நான் காந்தங்களை எண்ணி எண்ணி வாங்கியவன், எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு லாபம் வேலை நடந்த விதத்தில். முதல் சுழலியின் ஸ்டேட்டர் வார்க்கும்போது ரெசினில் குமிழி விட்டது. ரெண்டாவதில் காயில் ஒன்றைத் தலைகீழாக இணைத்தேன், ஒரு பேஸ் மட்டும் வோல்ட் குறைவாகக் காட்டியது. மூன்றாவது ஒழுங்காக வந்தது. நாலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். பெரியதாக ஒன்று மட்டும் செய்திருந்தால் அந்தக் குமிழியோடுதான் குடும்பம் நடத்தியிருப்பேன்.

பழையபேரிங் சொன்ன நூல் வேலையை நானும் நேற்றுச் செய்து பார்த்தேன். சட்டத்தின் நடுவில், நாலு சுழலிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், நூல் விறைப்பாக நின்றது. ஒரு சாண் போதும் போலிருக்கிறது. கீழ் வலது சுழலிக்குப் பக்கத்தில் மட்டும் நூல் சற்று உதறுகிறது. அங்கே பேரிங் கவரில் கிரீஸ் கசிந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது. நாளைக் காலையில் காற்று எழுவதற்கு முன் கீழ் ஜோடியை நிறுத்திவிட்டு ஏறப்போகிறேன்.

ஓம்விதி:

ஏறுவதற்கு முன்னால் வால் கயிறு கைக்கு எட்டுகிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பாருங்கள் அண்ணே.