அப்பிச்சியின் கால் காயத்துக்கு வெட்டுக்காயப் பூண்டு வைக்கலாமா?

கோபி தோட்டத்துக்காரன்:
வணக்கமுங்க. எங்கள் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, மஞ்சள் காட்டில் மண்வெட்டி பட்டுப் பாதத்தில் வெட்டு. சர்க்கரை இருக்கிறவர். ஆழம் அதிகமில்லை, ஆனால் ஆறவே மாட்டேன் என்கிறது. வரப்பில் கிடக்கிற வெட்டுக்காயப் பூண்டுச் செடியைக் கசக்கி மஞ்சளோடு வைத்துக் கட்டலாம் என்கிறார் அம்மிச்சி. இந்தச் செடிச்சாறுகளில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருப்பதால்தான் காயம் ஆறுகிறது என்று நானும் படித்தேன். உண்மைதானுங்களா? வைக்கலாமா?

பெருந்துறை மருந்தாளுநர்:
தம்பி, அம்மிச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. காயம் பட்டதும் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, கிருமியைக் கொல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி வீரியமான பொருட்களை விடும். அது ஓரளவு வேண்டும். கிருமி செத்த பிறகும் அடங்காவிட்டால், புதுச் சதை வளர்க்கிற செல்களையும், சதையைப் பிணைக்கிற கொலாஜன் புரதத்தையும் சேர்த்தே கெடுக்கும். சர்க்கரைக்காரர்களுக்குப் புண் இழுத்துக்கொண்டே போக ரத்த ஓட்டக் குறைவோடு இதுவும் ஒரு காரணம். மஞ்சளின் குர்குமினும், வெட்டுக்காயப் பூண்டில் உள்ள ஃபிளேவனாய்டு என்கிற தாவரப் பொருட்களும் இந்த மிகையைத் தணிக்கக் கூடியவை, இதைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். வல்லாரையில் உள்ள ஏசியாட்டிகோசைடு என்கிற பொருள் கொலாஜன் உருவாவதையே தூண்டும்.

ஆனால் ஆய்வில் போடுவது கசக்கிய தழை இல்லை. உலர்த்தி, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்து, அளவு பார்த்துக் களிம்பாக்கி, பெரும்பாலும் எலிக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை என்று பெரிதாகச் சொல்வதில் ஒன்று, ஊதா நிறக் கரைசலில் சாற்றை விட்டு அது எவ்வளவு மஞ்சளாக வெளுக்கிறது என்று பார்ப்பது, அதை வைத்து அப்பிச்சியின் பாதத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. வரப்புத் தழையில் மண் ஒட்டியிருக்கும், மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்து இருக்கும், காற்றுப் புகாமல் கட்டினால் அது பெருக வசதி. வைக்காதீர்கள்.

ஈரோடு மண்டிக்காரர்:
மஞ்சளைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள் அண்ணா. காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள், நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல் ஆதாரங்களைக் காட்டி மறுபரிசீலனை கேட்டு 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. அவ்வளவு பழைய அறிவு இது. ஆனாலும் கடைப்பொடியைப் புண்ணில் போட நானே சம்மதிக்க மாட்டேன். நிறத்துக்காக லெட் குரோமேட் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது ஈயம்.

பொள்ளாச்சி நர்ஸ் அக்கா:
கண்ணு, இதை முதலில் படி. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் உள்ளே சீழ் வைத்தாலும் அப்பிச்சிக்கு வலியே தெரியாது. வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பிக் காத்திருக்காதே. சுற்றிச் சிவப்பு, சூடு, நாற்றம், விரல் கறுப்பது, காய்ச்சல், இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. எதுவும் இல்லாவிட்டாலும், ஆறாத சர்க்கரைப் புண் என்பதால் இன்றைக்கே காட்ட வேண்டும். டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசி போட்டாயிற்றா என்று கேள், சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல். சர்க்கரை கட்டுக்குள் வராமல் எந்தக் களிம்பும் முழுப் பலன் தராது. வெறுங்காலோடு காட்டுக்குள் விடாதே.

கோபி தோட்டத்துக்காரன்:
சரிங்க அக்கா, மதியமே கூட்டிப் போகிறேன். நேற்றிலிருந்து ஓரம் லேசாகச் சிவந்த மாதிரிதான் இருக்கிறது. அம்மிச்சி வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லையே?

பெருந்துறை மருந்தாளுநர்:
சாப்பாட்டு அளவில் தாராளமாகக் கொடுக்கலாம் தம்பி. சிவந்திருக்கிறது என்றால் மதியம் வரை வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.