வீட்டிலேயே சேர்வர் வைத்திருக்கிறோம்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் அனுபவங்கள்

கல்லடியிலிருந்து

2004 சுனாமியில் எங்கள் வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. அம்மாவின் கல்யாண அல்பம், அம்மம்மாவின் படம், எனக்கு ஏடு தொடக்கிய படம் எல்லாம் கடலோடு போனது. இப்போது சுவரில் தொங்கும் பதினொரு படங்களும், அந்தக் காலத்தில் சுவிஸில் இருக்கும் அத்தைக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பியவை. அவ பத்திரமாக வைத்திருந்து திருப்பி அனுப்பினா. எங்கள் படங்களை வைத்திருந்து போன்களுக்குக் கொடுக்கும் வீட்டுக் கம்பியூட்டர்தான் சேர்வர்; அதைப் பற்றிய என் கதை அங்கேதான் தொடங்குது.

2021 யூனில் கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றுவது நின்றது. 15 ஜிபி எங்கள் வீட்டுக்கு எந்த மூலைக்கு? ராஸ்பெரி பை என்ற கையளவு கம்பியூட்டர் ஒன்றை வாங்கி, நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைப் போட்டேன். 2 ஜிபி ராம் அதற்குக் காணாது. எனக்குத் தேவைப்பட்டது படம் வைக்க ஒரு அலுமாரி; நான் தூக்கி வைத்தது கலண்டர், கோப்பு, தொடர்பு இலக்கம் எல்லாம் பார்க்கும் முழுக் கந்தோர். பிழை என்னுடையது.

பிறகு 2022. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ராஸ்பெரி பை தன் எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கிற நேரம் கரண்ட் போனால் அந்தக் கார்ட் தாங்காது. ஒரு விடியக்காலை கரண்ட் வந்தது, ராஸ்பெரி பையில் சிவப்பு லைட் எரிந்தது, பச்சை லைட் சிமிட்டவே இல்லை. அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தேன். போனில் இன்னும் அழிக்காமல் இருந்த படங்கள்தான் தப்பின.

அதற்குப் பிறகு வாங்கியது ஒரு பாவித்த லாப்டொப், 8 ஜிபி ராம். பற்றரி இன்னும் நல்லா இருந்தது, கரண்ட் போனால் தாங்க அதுவே யூபிஎஸ். இருபத்து நாலு மணித்தியாலமும் சார்ஜில் கிடந்தால் பற்றரி ஊதும் என்பதால் 60 வீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி வைத்தேன். மூடியை மூடினாலும் உறங்காதபடி மாற்றினேன். கடல் பக்க யன்னலில் இருந்து தள்ளி, அடியில் இரண்டு மரக்கட்டை வைத்து, காற்றுப் போக விட்டேன். உப்புக்காற்று வயர் செருகும் போர்ட்டுகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும், இந்த ஊரில் அது கட்டாயம் பார்க்க வேண்டிய விசயம்.

மென்பொருள் தெரிவு செய்யும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: நாளைக்கு இந்த மென்பொருள் இல்லாமல் போனால் என் படத்தை வெறும் கையால் எடுக்கலாமா? இப்போது நான் பாவிக்கும் இம்மிச் என்ற பட மென்பொருளில் எடுக்கலாம். அதில் ஸ்டோரேஜ் டெம்பிளேட் என்ற அமைப்பைப் போட்டுவிட்டால் வருசம், மாதம் என்று போல்டர் போல்டராக அசல் படங்கள் அப்படியே கிடக்கும். ஆனால் அல்பங்களும் ஆட்களின் பெயர்களும் போஸ்ட்கிரெஸ் என்ற தனி டேட்டாபேஸில் இருக்கின்றன. இம்மிச் தானாகவே ஒவ்வொரு நாளும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸைப் பிரதி எடுத்து, கடைசி 14 பிரதிகளை வைத்திருக்கும். அந்தப் பிரதியும் அதே டிஸ்கில்தான் விழுகிறது என்பதைக் கனபேர் கவனிப்பதில்லை. அப்டேட் போட முதல் வெளியீட்டுக் குறிப்பை வாசியுங்கள். நான் வாசிக்காமல் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

வெளியில் இருந்து பார்க்க, போனையும் சேர்வரையும் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல். எங்கள் 4ஜி ரவுட்டருக்குத் தனி ஐபி, அதாவது இன்டர்நெட் விலாசம், கிடையாது, ஒரே ஐபியில் பல வீடுகள். அதனால் வெளியில் இருந்து வர ரவுட்டரில் வாசல் (போர்ட்) திறந்து பயனில்லை.

போன வருசம் மச்சான் வந்து திரும்பும்போது ஒரு டிஸ்கில் முழுப்பிரதியையும் கொண்டுபோனான். அத்தை வீட்டுச் சின்னக் கம்பியூட்டரில் அது இப்போது ஓடுது. இரவில் ரெஸ்டிக் என்ற பிரதி எடுக்கும் மென்பொருள் மாறியதை மட்டும் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்பும். ரெஸ்டிக் கடவுச்சொல் தொலைந்தால் யாராலும் திறக்க ஏலாது. தாளில் எழுதி, காணி உறுதியோடு வைத்திருக்கிறேன்.

காத்தான்குடியிலிருந்து

தம்பி, வாசிச்சு மனசு கனத்துப் போச்சு. எங்கட கதை வேற. வாப்பாட கடை பில்லெல்லாம் சூட்டுத் தாள், ஆறு மாதத்தில எழுத்து மங்கிடும். பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் எண்ட மென்பொருள் போட்டன். வந்த அண்டைக்கே ஸ்கேன் பண்ணி விடுவன், அது வாசிச்சுத் தேடக்கூடிய மாதிரி வைக்கும். தமிழ் முதல்ல வாசிக்கல்ல. டொக்கர் எண்ட ஆயத்தப் பெட்டியில அதோட வாற ஐந்து மொழியில தமிழ் இல்ல, தமிழ்ப் பொதியைத் தனியாச் சேர்த்து, வாசிக்கிற மொழியில தமிழையும் இங்கிலீசையும் ரெண்டையும் குடுக்கணும். அச்சடிச்சது நல்லா வருது. வாப்பாட கையெழுத்துக் கொப்பி வராது, அதுக்குத் தலைப்பு நானே அடிக்கிறன்.

டெயில்ஸ்கேல்ல ஒண்டு: அண்ட்ரொய்ட் போன்ல இருக்கிற செயலி திறந்த மூலமா (ஆரும் நிரலைப் பார்க்கக்கூடியதா) இருந்தாலும், ஆக்களை இணைச்சு விடுற மத்திய சேர்வர் அவங்கட. அதுவும் உங்கட கையில வேணுமெண்டா ஹெட்ஸ்கேல் இருக்கு. ஆனா அதுக்கு வெளியில தனி ஐபியோட ஒரு இயந்திரம் வேணும்.

அக்கரைப்பற்றிலிருந்து

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், கம்பியூட்டர் ஆள் இல்லை. சேர்வர் எதுவும் இல்லாமல் சின்க்திங் மட்டும் போட்டேன். போனில் எடுக்கிற படம் வீட்டு லாப்டொப்புக்குத் தானாகப் போகும். போனில் இடமில்லை என்று ஒருநாள் முந்நூறு படங்களை அழித்தேன். அடுத்த நாள் பார்த்தால் லாப்டொப்பிலும் இல்லை. அது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைக்கிற மென்பொருள் என்று அப்போதுதான் விளங்கியது. மூத்தவளின் முதலாம் வகுப்புப் படங்கள் அதில் இருந்தன. இப்போது லாப்டொப் பக்கத்தில் பைல் வேர்சனிங் போட்டிருக்கிறேன், அழிந்தது தனிப் போல்டருக்குப் போகும். கல்லடித் தம்பி, எடுத்து வைத்த பிரதியை எப்பவாவது திறந்து பார்த்தீர்களா?

கல்லடியிலிருந்து

டீச்சர், உங்கள் கேள்விக்காக நேற்று இரவு செய்து பார்த்தேன். இங்கே உள்ள எதையும் தொடாமல், அத்தை வீட்டுப் பிரதியில் இருந்து ஒரு மாதத்தை மட்டும் வேறொரு லாப்டொப்புக்கு இறக்கினேன். நாற்பது நிமிசம் எடுத்தது. முதலாவதாகத் திறந்தது அம்மம்மாவின் படம், அத்தை அனுப்பியதை நான் ஸ்கேன் பண்ணியது. பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணியிருந்தேன். அம்மாவின் கையெழுத்தில் "மச்சாள், அம்மா சுகமாக இருக்கிறா" என்று இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.