கண்பாலம் தாண்டியதும் இன்ஜின் தடம் புரள்கிறது, அவசர உதவி தேவை

மேற்குமலை
வணக்கம். செங்கோட்டை - கொல்லம் ரயில் பாதையில் இருக்கிற கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தை லெகோவில் செய்திருக்கிறேன். கூடவே பழைய மீட்டர்கேஜ் கொல்லம் வண்டியும் உண்டு. பாலத்தில் நன்றாகவே ஏறி வருகிறது. பாலம் முடிந்து திரும்புகிற இடத்தில் இன்ஜின் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடுகிறது. எப்போது ஓட்டினாலும் அதே இடம்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் வாசகசாலையில் ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியாகிவிட்டது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தென்மலைக்காரி
அண்ணே, டீசல் இன்ஜினா கரி இன்ஜினா? எத்தனை பெட்டி? மோட்டார் எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒரு படம் போட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். செங்கோட்டைக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பாலத்துக்காகவே ஜன்னல் ஓரம் பிடிக்கிறவள் நான். யாராவது அதைச் செய்ய மாட்டார்களா என்று ஆசைப்பட்டிருக்கிறேன். எப்படியாவது ஓட வைத்துவிடுவோம்.

ஆறுசெல்
பேட்டரியைப் பாருங்கள். லெகோவின் பவர்டு அப் பேட்டரிப் பெட்டியில் மூன்று ஏ சைஸ் செல் ஆறு போடுவீர்கள். சாதாரண அல்கலைன் என்றால் ஒன்றுக்கு 1.5 வோல்ட், மொத்தம் 9. சார்ஜ் செய்கிற வகை என்றால் 1.2தான், மொத்தம் 7.2. ஏறும்போது வேகம் குறைந்து, வளைவில் திணறி, சக்கரம் நழுவும். புதுச் செல் போட்டு ஓட்டுங்கள். பத்தில் எட்டுப் பிரச்சினை இதுதான்.

புனலூர்_பக்கம்
ஆக்சிலில், அதாவது சக்கர அச்சில், ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள். என் வண்டிக்கு அதைத்தான் செய்தேன், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

தென்மலைக்காரி
வேண்டாம் அண்ணே. எண்ணெய் சக்கரத்தில் இறங்கும், அங்கிருந்து தண்டவாளத்துக்குப் போகும். ரயில் மோட்டார் சக்கரத்துக்குப் பிடிமானமே அதில் இருக்கிற ரப்பர் வளையம்தான். அதில் எண்ணெய் பட்டால் சமதளத்திலேயே சுழன்றுகொண்டு நிற்கும்.

உருக்காரன்
நான் ரயில்காரன் இல்லை, கப்பல் செய்கிறவன். பேப்பூர் உருவை, அதாவது கேரளத்து மரக் கப்பலை, லெகோவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எடை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா? பேட்டரிப் பெட்டி இன்ஜினின் மேல்பாகத்தில் இருந்தால் வளைவில் சாயும். கப்பலுக்கு அடியில் பாரம் போடுகிற மாதிரி இன்ஜினுக்கும் அடித்தட்டில் எடை வைத்துப் பாருங்கள்.

ஆர்நாற்பது
இந்தக் கேள்வி பலமுறை வந்து பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். எந்த மோட்டார், எந்த வளைவு, எத்தனை ஆக்சில், எவ்வளவு ஏற்றம் என்று ஒன்றையும் சொல்லாமல் 'இறங்கிவிடுகிறது' என்று மட்டும் சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? லெகோவின் வளைவுக்கு ஆரம் 40 ஸ்டட் (ஸ்டட் என்பது பிரிக்கின் மேலிருக்கிற குமிழ், ஒன்றுக்கு 8 மி.மீ. கணக்கு). 16 துண்டு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். நீள இன்ஜின் கட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் படித்துவிட்டுத்தான் முதல் பிரிக்கைத் தொட வேண்டும். வெளியாட்கள் ஆர்56, ஆர்72, ஆர்104 என்று, ஆரம் அத்தனை ஸ்டட் உள்ள பெரிய வளைவுகள் செய்து விற்கிறார்கள். அதை வாங்கிப் போடுங்கள், முடிந்தது.

மேற்குமலை
ஒய்.டி.எம்.-4, மீட்டர்கேஜ் டீசல் இன்ஜின். பெட்டி நான்கு. மோட்டார் முன் போகியில், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கிற முன்பக்கச் சக்கரச் சட்டத்தில். ட்ராக் ஒரிஜினல்தான், வளைவும் ஒரிஜினல். புதுச் செல் போட்டாயிற்று, அதே இடத்தில்தான் இறங்குகிறது. ஞாயிறுக்குள் வெளியிலிருந்து வளைவு வரவழைக்க முடியாது. இங்கே கரண்ட் இல்லை, படம் பிறகு போடுகிறேன்.

செங்கோட்டை_மாமா
தம்பி, நான் மீட்டர்கேஜ் வண்டிகளுக்கு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரனுக்காக லெகோ ரயில் கட்ட ஆரம்பித்தேன், இப்போது பேரனைவிட நான்தான் அதிகம் கட்டுகிறேன். ஒய்.டி.எம்.-4 என்றதும் ஒரு சந்தேகம் வந்தது. அது ஒரு போகிக்கு மூன்று ஆக்சில் உள்ள இன்ஜின். நீங்களும் அப்படியே மூன்று வைத்தீர்களா? மூன்றையும் ஒரே சட்டத்தில் ஆடாமல் மாட்டியிருக்கிறீர்களா? பாலத்தில் ஏறி வருகிறது என்றீர்களே, ஒரு ட்ராக்குக்கு எவ்வளவு உயர்த்தியிருக்கிறீர்கள்? ஏற்றம் முடிகிற இடத்திலேயே வளைவு ஆரம்பிக்கிறதா, நடுவில் நேர்ட்ராக் ஏதாவது உண்டா?

ஆறுசெல்
பேட்டரி பெட்டியின் முனைகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆர்நாற்பது
மாமா கேட்பது சரி. ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். எதற்காக ஒய்.டி.எம்.-4? அந்தப் பாதையில் 2010-ல் மீட்டர்கேஜ் நின்றுவிட்டது. 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். இன்று அந்தப் பாலத்தில் ஓடுவது அகலப்பாதை வண்டி. ஓடாத வண்டியைச் செய்து ஏன் சிரமப்பட வேண்டும்? அளவும் ஒத்து வராது. லெகோ தண்டவாளத்தின் உள்ளகலம் சுமார் 37.5 மி.மீ. அகலப்பாதை 1676 மி.மீ. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 45-ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் பெட்டி ஒன்பது ஸ்டட் அகலம் வரும், எட்டில் கட்டினாலும் கண்ணுக்குக் குறை தெரியாது. மீட்டர்கேஜ் என்றால் 1000 மி.மீ., 27-ல் ஒரு பங்கு ஆகிவிடும். அப்போது பெட்டி பன்னிரண்டு, பதின்மூன்று ஸ்டட் அகலம் வேண்டும். அதை ஆர்40 வளைவில் ஓட்டவே முடியாது. எட்டு ஸ்டட்டில் கட்டிவிட்டு மீட்டர்கேஜ் என்று சொல்வது அளவுக்குச் செய்கிற துரோகம்.

தென்மலைக்காரி
துரோகமா? அண்ணாச்சி, இது கொஞ்சம் அதிகம். லெகோ கம்பெனியே பெரும்பாலும் ஆறு ஸ்டட் அகலத்தில்தான் ரயில் விடுகிறது. அது எந்த நாட்டு அளவு? பார்த்தால் இன்ன வண்டி என்று தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒய்.டி.எம்.-4-இன் குட்டை மூக்கும், நீள மூக்கும், பக்கத்தில் ஆள் நடக்கிற பலகையும் வந்துவிட்டால் போதும். ஓடாத வண்டியை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். ஓடாததால்தான் செய்ய வேண்டும். இன்று ஓடுகிற வண்டியைப் பிள்ளைகள் ஸ்டேஷனிலேயே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். முன்னால் ஒரு இன்ஜின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ள, மலை ஏறின மீட்டர்கேஜ் வண்டியை அவர்கள் எங்கே பார்ப்பது?

ஆர்நாற்பது
உணர்ச்சி வேறு, அளவு வேறு. அளவுமாதிரி என்று சொல்லிக்கொண்டால் கணக்கு ஒத்துவர வேண்டும்.

தென்மலைக்காரி
மேற்குமலை அண்ணன் அளவுமாதிரி என்று எங்கே சொன்னார்? மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.

உருக்காரன்
கப்பல் பக்கத்தில் இந்தச் சண்டையே கிடையாது. உருவை நிஜ அளவுக்குச் சரியாகக் கட்டினால் பாய்மரம் வீட்டுக் கூரையில் முட்டும். வீட்டில் என்ன இடம் இருக்கிறதோ அதுதான் அளவு.

புனலூர்_பக்கம்
பின்னால் தள்ளுகிற இன்ஜின் என்றதும் தோன்றியது. பின்னாலும் ஒரு மோட்டார் வைத்தால் சரியாகிவிடாதா? நிஜத்தில் அப்படித்தானே ஏற்றினார்கள்.

செங்கோட்டை_மாமா
இல்லை தம்பி. அவர் வண்டிக்கு இழுவையில் குறை இல்லை, ஏற்றத்தை ஒழுங்காக ஏறித்தானே வருகிறது. பின்னாலிருந்து தள்ளினால் வளைவில் பெட்டிகளெல்லாம் வெளிப்பக்கம் பிதுங்கும். பெட்டிகளை இணைக்கிற காந்தக் கப்ளிங்கை இழுத்தால் பிடிக்கும், தள்ளினால் கோணிக்கொள்ளும். நிலைமை இன்னும் மோசமாகும்.

மேற்குமலை
ஆமாம் மாமா. மூன்று ஆக்சில், ஒரே சட்டம், ஆடாது. ஒரு ட்ராக்குக்கு ஒரு பிரிக் உயரம். மேலே போனதும் உடனே வளைவு. நேர்ட்ராக் வைக்க மேஜையில் இடம் இல்லை.

செங்கோட்டை_மாமா
அப்படியானால் நோய் தெரிந்துவிட்டது. நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இரண்டு கோளாறு ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது. தனித்தனியாக வந்திருந்தால் ஒருவேளை வண்டி சமாளித்திருக்கும்.

முதலாவது வளைவு. உங்கள் போகியில் முதல் ஆக்சிலுக்கும் கடைசி ஆக்சிலுக்கும் நடுவே 8 ஸ்டட் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 64 மி.மீ. 40 ஸ்டட் ஆர வளைவில் இரண்டு ஓரச் சக்கரமும் தண்டவாளத்தில் உட்கார்ந்தால், நடுச்சக்கரம் இருக்க வேண்டிய இடம் நேர்கோட்டிலிருந்து 1.6 மி.மீ. தள்ளி வரும். நீங்கள் அதை ஆடாமல் மாட்டியிருப்பதால் அதனால் அங்கே போக முடியாது. அதனால் அது ஓரச் சக்கரங்களை நெம்புகிறது. நிஜ மூன்று ஆக்சில் போகியிலும் நடு ஆக்சிலுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் அசைவு விட்டுத்தான் கட்டுவார்கள், இல்லாவிட்டால் மலைப்பாதை வளைவில் சக்கரத்தின் ஓர விளிம்பான ஃபிளாஞ்ச் தேய்ந்தே போகும்.

இரண்டாவது மேடு. இதைத்தான் யாரும் கவனிக்கவில்லை. ஒரு நேர்ட்ராக் 16 ஸ்டட், 128 மி.மீ. ஒரு பிரிக் 9.6 மி.மீ. ஏற்றம் நூற்றுக்கு ஏழரை. அது சட்டென்று சமதளமாகிறது. நடு ஆக்சில் அந்த முனையில் வரும்போது போகி அதன் மேல் தராசுபோல நிற்கும். பின் ஆக்சில் கீழே அழுந்தியிருந்தால் முன் ஆக்சில் 32 மி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 2.4 மி.மீ. அந்தரத்தில் தொங்கும். அந்த உயரத்தில் ஃபிளாஞ்சுக்குப் பிடிமானமே இருக்காது. அதே நேரத்தில் தண்டவாளம் திரும்புகிறது, சக்கரம் நேரே போகிறது. இறங்காமல் என்ன செய்யும்?

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். மோட்டாரை அணைத்துவிட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகத் தள்ளி, நடு ஆக்சில் சரியாக அந்த முனையில் வரும்படி நிறுத்துங்கள். பின்னால் லேசாக விரலால் அழுத்திக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு கீற்று வெட்டி முன் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போனால் அந்தச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வருவதும் தெரியும்.

ஞாயிறுக்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பின் போகியில் நடு ஆக்சிலைக் கழற்றிவிடுங்கள். பக்கச் சட்டம் மறைத்துவிடும், பிள்ளைகளுக்குத் தெரியாது. முன் போகியில் மோட்டாரின் இரண்டு ஆக்சிலே போதும், மூன்றாவதாக ஒட்டவைத்ததை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஏற்றத்தின் முடிவை மழுப்புங்கள். பிளேட் என்பது தட்டைத் துண்டு, மூன்று அடுக்கினால் ஒரு பிரிக் உயரம். கடைசி இரண்டு ட்ராக்கை 2 பிளேட், 1 பிளேட் என்று குறைத்து, பிறகு சமதளத்தில் சேருங்கள். இதனால் பாலத்தின் உயரம் ஒரு பிரிக் குறையும், அதைத் தூண் அடியில் எடுத்துக்கொள்ளலாம். இடம் எப்படியாவது கிடைத்தால் வளைவுக்கு முன்னால் ஒரு நேர்ட்ராக் சமதளமாகப் போடுங்கள். கப்ளிங் இன்ஜின் உடம்பில் இருந்தால் அதையும் போகிக்கு மாற்றுங்கள். உடம்பில் இருந்தால் நீள இன்ஜினின் வால் வளைவில் வெளியே நீண்டு, முதல் பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும்.

விழா முடிந்தபிறகு நடு ஆக்சிலைத் திரும்ப மாட்டிவிடலாம். அதைத் தனியாக ஒரு சின்ன பிளேட்டில் வைத்து, வழுவழுப்பான டைலுக்கு அடியில் இடம் வலமாக நகரும்படி விட்டால் போதும். எடையை அது தாங்க வேண்டாம், சும்மா கூடவே உருண்டு வந்தால் போதும்.

ஆர்நாற்பது
ஆர்104 வளைவு போட்டிருந்தால் இதில் பாதி தேவைப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

செங்கோட்டை_மாமா
உண்மைதான். அதே 64 மி.மீ. போகிக்கு ஆர்104-ல் நடுச்சக்கரம் 0.6 மி.மீ. நகர்ந்தால் போதும். ஆனால் அந்த வளைவில் ஒரு அரைவட்டம் திரும்பவே 208 ஸ்டட் அகலம் வேண்டும், ஒன்றரை மீட்டருக்கும் மேல். வாசகசாலை மேஜை அவ்வளவு பெரியதா? மேட்டுக் கோளாறு எந்த வளைவு போட்டாலும் அப்படியேதான் இருக்கும்.

உருக்காரன்
அடித்தட்டில் எடை வைப்பதையும் விட்டுவிட வேண்டாம். முன் சக்கரம் மேலே தூக்குகிறது என்றால் முன்பக்கத்தில் பாரம் போட்டால் கீழே அமராதா?

செங்கோட்டை_மாமா
அமரும், ஆனால் அப்போது பின் ஆக்சில் தூக்கும். தராசில் எந்தத் தட்டில் போடுகிறோம் என்பதுதான் மாறும்.

மேற்குமலை
அட்டை உள்ளே போனது. ஆக்சிலைக் கழற்றினேன், பிளேட்டும் மாற்றினேன். இறங்கவில்லை, நான்கு பெட்டியோடு சுற்றி வருகிறது. ரொம்ப நன்றி மாமா, எல்லாருக்கும் நன்றி.

ஆறுசெல்
மகிழ்ச்சி. புதுச் செல்லும் உதவியிருக்கும்.

தென்மலைக்காரி
அப்பாடா! அண்ணே, ஆக்சிலைக் கழற்றியது மட்டுமே போதுமாக இருந்ததா, இல்லை இரண்டும் செய்த பிறகுதான் சரியானதா? பிறகு யாராவது இதே கோளாறோடு வந்தால் சொல்ல உதவும்.

ஆர்நாற்பது
இரண்டு மாற்றத்தையும் ஒரே நேரத்தில் செய்தால் எது காரணம் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். பெட்டிகளுக்கு என்ன நிறம் என்றும் இன்னும் சொல்லவில்லை. மீட்டர்கேஜ் என்றால் பழைய செந்நிறமா, பிறகு வந்த நீலமா?

தென்மலைக்காரி
அண்ணாச்சி, வருஷத்தைப் பொறுத்தது அது. இரண்டுமே ஓடியிருக்கிறது.

மேற்குமலை அண்ணே, விழா முடிந்து நேரம் கிடைக்கும்போது கணினியில் லெகோ வடிவமைக்கிற ஸ்டூடியோ கோப்பையோ எல்ட்ரா கோப்பையோ ஏற்றுங்கள், பாகப் பட்டியலோடு. இன்ஜின் கோப்பு மெதுவாக வரட்டும், முதலில் பாலத்துடையது போதும். பதிமூன்று கண்ணுக்கும் சாம்பல் நிற ஆர்ச் எத்தனை வேண்டும், அதில் என்னிடம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.