சென்னை டு டொராண்டோ: தூரம் 13,400 கி.மீ., நேரம் எவ்வளவு?

தம்பி ஜனவரியில் படிக்கப் போகிறான். லண்டன் வழியாக டொராண்டோ, அங்கிருந்து கனடாவிலேயே இருக்கும் வின்னிபெக். கூகுளில் 13,400 கி.மீ. என்கிறது. டிக்கெட்டில் காலை 5.30-க்குக் கிளம்பி அன்றைக்கே மாலை 4.30-க்கு டொராண்டோவில் இறங்குவதாக இருக்கிறது. பதினோரு மணி நேரத்தில் எப்படி?

▸ டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் டொராண்டோ நமக்கு 10.30 மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாவது ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை 9.30. ஆக 11 + 10.30 = 21.30 மணி நேரம். திரும்பி வரும்போது இதையே கழிக்க வேண்டும்.

13,400 என்பது பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் ரஷ்யாவைத் தாண்டி ஆர்க்டிக் வரை ஏறி இறங்குகிறது. அந்த வழியில் போக நேர் விமானமே கிடையாது. லண்டன் வழி என்றால் 8,230 + 5,700. துபாய் வழி என்றால் 2,900 + 11,100. எப்படிப் போனாலும் 14,000-ஐ ஒட்டித்தான். கூடுதல் 600 கி.மீ. பறக்க முக்கால் மணி நேரம்தான் ஆகும். நேரத்தைத் தின்பது இடையில் காத்திருப்பது. அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

லண்டன் வழியில் சுமார் 11 மணி நேரம், பிறகு 8 மணி நேரம். துபாய் வழியில் 4, பிறகு 14. பின்னால் அப்பா அம்மா போவதாக இருந்தால் அந்த 14 மணி நேரம் கால் வீங்கிவிடும், லண்டனே தேவலை. திரும்பும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் டொராண்டோ–லண்டன் 7 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

▸ மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் சிக்கல் டொராண்டோவில்தான். ஸ்டடி பெர்மிட்டை (கனடாவில் படிப்பதற்கான அனுமதித் தாள்) அச்சடித்துத் தருவது கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில், வின்னிபெக்கில் இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் பெர்மிட் தாளை வாங்காமல் வெளியே போய்விடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தப்பு. ஜனவரி செமஸ்டர் சமயம் அந்த வரிசை நீளும். வின்னிபெக் விமானத்துக்கு ஒன்றரை மணி நேர இடைவெளி போதவே போதாது, நாலு மணி நேரமாவது விடுங்கள். பெர்மிட்டுக்கு ஒப்புதல் தந்த கடிதம், கல்லூரிக் கடிதம், பணக் கணக்குத் தாள்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டால் கேட்கும் இடத்தில் எடுக்க முடியாது.

வின்னிபெக் வரை ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) தானா? தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு. பனிக்காலத்தில் இறக்கையில் ஐஸ் அகற்றவே விமானம் நிற்கும், இது சாதாரணமாக நடப்பது. ஜாக்கெட்டும் கைப்பையில்தான்.

▸ கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு: தூரம் ஏறக்குறைய 14,000 கி.மீ. பிராங்பர்ட், பாரிஸ் வழி எடுத்தால், இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் டிரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியாகும் கனடா விசா கையில் இருந்தால் தேவையில்லை.