மறுபடி ஸ்கேஃபோல்டு செய்தால் அஞ்சல் குறியீட்டுத் திருத்தம் அழிந்துவிடுகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் பழைய எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின்மீது, நிரலைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் (ஈஎஃப்) 6 கொண்டு விநியோகச் செயலி எழுதி வருகிறேன். விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்ட பழைய நிரலும் அதே அட்டவணைகளைப் பயன்படுத்துவதால், அவற்றின் அமைப்பில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. அஞ்சல் குறியீடு முழு எண் வகையில் இருப்பதால், ராஃபிள்ஸ் பிளேஸின் 048616 என்பது லேபிளில் 48616 என்று அச்சாகிறது. ஸ்கேஃபோல்டு செய்து, அதாவது அட்டவணைகளைப் படித்து வகுப்புகளைக் கருவியே எழுதும்படி செய்து, உருவான வகுப்பிலேயே அதை ஆறு இலக்கச் சரமாக மாற்றி வைத்தேன். ஆனால் தரவுத்தள நிர்வாகி அவ்வப்போது ஏதேனும் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிடுகிறார்; நான், பழைய கோப்புகளின்மேல் எழுதச் சொல்லும் ஃபோர்ஸ் கொடுத்து மறுபடி ஸ்கேஃபோல்டு செய்தால் என் திருத்தம் போய்விடுகிறது. என்ன வழி?

மறுமொழி 1:
கருவி உருவாக்கிய கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். அவ்வகுப்புகள் பார்ஷியல் வகுப்புகள்தாம்; அதாவது ஒரே வகுப்பைப் பல கோப்புகளில் பிரித்து எழுதலாம். எனவே வேறொரு கோப்பில், அதே பெயரிலும் அதே நேம்ஸ்பேஸிலும் இன்னொரு பார்ஷியல் வகுப்பை வைத்து, முழு எண்ணை டூஸ்ட்ரிங் "டி6" வடிவில் (முன்னால் பூஜ்ஜியம் சேர்த்து ஆறு இலக்கமாக) திருப்பித் தரும் பண்பு ஒன்றை எழுதுங்கள். கெட் மட்டும் உள்ள (படிக்க மட்டுமே முடிகிற) பண்பை ஈஎஃப் நெடுவரிசையாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் தரவைத் தேடும் வேர் (where) நிபந்தனையில் பழைய முழு எண் பண்பையே பயன்படுத்துங்கள்; புதியதை எஸ்க்யூஎல்லாக மாற்ற முடியாமல் பிழை வரும். மற்ற அமைப்புகளுக்கு, நீங்களே தனிக் கோப்பில் எழுதக்கூடிய ஆன்மாடல்கிரியேட்டிங்பார்ஷியல் என்ற முறை (method) இருக்கிறது. அது கடைசியாக அழைக்கப்படுவதால் நீங்கள் எழுதியதே செல்லும்.

மறுமொழி 2:
ஈஎஃப் பதிப்பை உயர்த்தும் எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை. 2022-இல் வந்த 7-ஆம் பதிப்பு முதல், சேமிக்கும்போது எஸ்க்யூஎல் கட்டளையில் அவுட்புட் பகுதி சேர்க்கப்படுவதால், டிரிகர் (தரவு மாறும்போது தானே இயங்கும் நிரல்) உள்ள அட்டவணையில் 334 என்ற பிழை எழும். பழைய தரவுத்தளத்தில் டிரிகர் இல்லாமலா இருக்கும்? ஹேஸ்டிரிகர் என்ற அமைப்பு கொண்டு அதை ஈஎஃப்புக்கு அறிவித்துவிட்டால் பழைய முறையிலேயே சேமிக்கும். புதிதாக டிரிகர் எதையும் உருவாக்கிவிடாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. லேபிளில் பூஜ்ஜியம் திரும்பிவிட்டது. உருவாகும் கோப்புகள் இப்போது தனிக் கோப்புறையில் இருப்பதால், ஒவ்வொரு நாள் காலையிலும் ஸ்கேஃபோல்டு செய்து, மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் பார்க்கிறேன். இன்று ஒரே ஒரு வரிதான் மாறியிருந்தது: விநியோகத் தேதியின் டேட்டைம் வகைக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி. அந்த நெடுவரிசை இனி வெறுமையாகவும் இருக்கலாம் என்பதை நிர்வாகி இன்னும் எனக்குச் சொல்லவில்லை.