இலக்கிய மாத இதழின் தளம்: வேர்ட்பிரஸிலேயே இருப்பதா, ஹெட்லெஸுக்கு மாறுவதா?

வைகைக்கரை:
எங்கள் மாத இதழின் தளம் வேர்ட்பிரஸில் (எழுதுவது, சேமிப்பது, வாசகருக்குக் காட்டுவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்யும் மென்பொருள்) இயங்குகிறது. கதை, கவிதை, மொழிபெயர்ப்பு, நேர்காணல், பழைய இதழ்களின் தொகுப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆசிரியர் குழுவில் இருவர். தொழில்நுட்பத்துக்கு நான் மட்டும், அதுவும் பகுதிநேரமாக. இப்போது ஆண்ட்ராய்டு செயலியும் வேண்டும் என்கிறார் பதிப்பாளர். புதுப்பிக்க வந்த நிறுவனமோ வேர்ட்பிரஸை அடியோடு எடுத்துவிடச் சொல்கிறது. எழுதிச் சேமிக்கும் இடம் ஸ்ட்ராப்பி என்ற மென்பொருள், வாசகர் பார்க்கும் பக்கத்தைக் கட்டுவது நெக்ஸ்ட் ஜேஎஸ், இரண்டுக்கும் நடுவே ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு கேட்டு வாங்கும் வழி) என்பது அவர்கள் திட்டம். எழுதும் இடத்தையும் காட்டும் முகப்பையும் இப்படிப் பிரிப்பதற்குத்தான் ஹெட்லெஸ் என்று பெயர். செயலியும் அதே ஏபிஐயிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம். இறங்கலாமா?

தச்சன்:
இறங்காதீர்கள். ஆசிரியர் இருவர், தொழில்நுட்பத்துக்குப் பாதி ஆள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முடிவை அதுவே சொல்கிறது.

வேர்ட்பிரஸில் நீங்கள் கேட்காமலேயே வந்து சேர்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். புதிய பதிவுகளை வாசகருக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை, கருத்துரைப் பகுதி, தேடல், 2015 முதல் திரைக்கேற்ற அளவில் படம், 2020 முதல் தேடுபொறிக்கான தளவரைபடம், முகவரியை மாற்றினால் பழைய முகவரியிலிருந்து வாசகரைத் தானே அழைத்துவரும் ஏற்பாடு. ஹெட்லெஸில் இவை ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து கட்ட வேண்டும். கட்டியதற்கும் பணம், பிறகு பராமரிப்பதற்கும் பணம். நிறுவனத்தின் மதிப்பீட்டில் இவற்றுக்கெல்லாம் தனித்தனி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மின்மினி:
தச்சன் ஐயா, அந்தப் பட்டியலை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தளத்துக்குள் எழுத்து எந்த நிலையில் கிடக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்தபோது எழுதும் திரையான தொகுப்பி மாறியது. அன்று முதல் ஒவ்வொரு பத்தியும் படமும் வாசகர் கண்ணில் படாத எச்டிஎம்எல் குறிப்புகளுக்கு நடுவில் பொதிந்துதான் தரவுத்தளத்துக்குள் போகிறது. அதற்கு முந்தைய பதிவுகளில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதிய ஷார்ட்கோடுகள் (படத்தொகுப்பு போன்றவற்றை அங்கே காட்டச் சொல்லும் குறியீடுகள்) இருக்கும். அவற்றைக் கொடுத்த செருகுநிரலை, அதாவது வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை நிரலை, நிறுத்திப் பாருங்கள். கதையின் நடுவே அந்தக் குறியீடு அப்படியே பல்லை இளிக்கும். இதை ஒரு செயலிக்கு அனுப்பினால் செயலி என்ன செய்யும்?

இதழுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. ஒரு மொழிபெயர்ப்புக் கதை என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், மூலமொழி, இதழ் எண், பக்கம் ஆகியவை தனித்தனிப் புலங்களாக, அதாவது தனித்தனிப் பெட்டிகளாக, இருக்க வேண்டும். பெரும்பாலான சிற்றிதழ்த் தளங்களில் இத்தனையும் கதையின் அடியில் சாய்வெழுத்தில் ஒற்றை வரியாகக் கிடக்கிறது. 'இந்த மொழிபெயர்ப்பாளர் செய்த மலையாளக் கதைகளை மட்டும் காட்டு' என்று கேட்டால் தளம் விழிக்கிறது. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2008-லேயே தன் உள்ளடக்கத்தை ஏபிஐ வழியாகத் திறந்துவிட்டது. ஒருமுறை எழுது, எல்லா இடத்திலும் வெளியிடு என்பது அவர்கள் கொள்கை. உள்ளே எழுத்து ஒழுங்காகப் பிரிந்திருந்ததால்தான் அவர்களால் அது முடிந்தது.

தச்சன்:
புலம் பிரிப்பதற்கு ஹெட்லெஸ் எதற்கு? 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸில் 'கதை', 'கவிதை' என்று சொந்தப் பதிவு வகைகளை வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளரையும் மூலமொழியையும், பதிவுகளைப் பிரித்துக்காட்டும் வகைப்பாடுகளாக வையுங்கள். நீங்கள் சொன்ன மலையாளக் கதைப் பட்டியல் நொடியில் வரும். செயலிக்கான ஏபிஐ 2016 டிசம்பரில் 4.7 பதிப்பிலேயே வேர்ட்பிரஸின் மையத்துக்குள் வந்துவிட்டது. புலத்தைப் பிரிக்காமல் விட்டது இத்தனை காலம் தளத்தை நடத்தியவர்களின் சோம்பல். அதே கைகளிடம் ஸ்ட்ராப்பியைக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள்தான் கொட்டுவார்கள்.

மின்மினி:
வகைப்பாடாக வைத்தால் சரி. நடைமுறையில் எல்லோரும் செய்வது செருகுநிரல் வழியாகத் தனிப்புலம் சேர்ப்பது. அது போய் விழும் தரவுத்தள அட்டவணையில் புலத்தின் பெயருக்கு விரைவாகத் தேட உதவும் சுட்டுவரிசை உண்டு, மதிப்புக்குக் கிடையாது. பதிவுகள் பெருகப் பெருகத் தேடல் நொண்டும். அந்தச் செருகுநிரலாவது நிலையாக இருக்குமா? தனிப்புலங்களுக்குப் பெயர்பெற்ற ஏசிஎஃப் செருகுநிரல், 2024 அக்டோபரில் வேர்ட்பிரஸின் அதிகாரப்பூர்வச் செருகுநிரல் பட்டியலில் வேறு பெயருக்கு மாற்றப்பட்டது. வேர்ட்பிரஸ் தரப்புக்கும் ஏசிஎஃப்பை நடத்தும் நிறுவனத்துக்கும் நடுவில் நடந்த சண்டையில் பயனர்கள் திகைத்து நின்றார்கள்.

தச்சன்:
அது நடந்தது உண்மை, எனக்கும் அதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஆனால் நிலைத்தன்மையை உரைகல்லாக வைத்தால் உங்கள் பக்கம் இன்னும் மோசம். ஸ்ட்ராப்பியின் 4-ஆம் பதிப்பில் ஏபிஐ தரும் விடை 'ஆட்ரிபியூட்ஸ்' என்ற கூட்டுக்குள் அடங்கி வந்தது. 5-ஆம் பதிப்பில் அந்தக் கூட்டை எடுத்துவிட்டார்கள். முகப்பில் அந்த விடையைப் படிக்கும் ஒவ்வொரு வரியையும், கூடவே செயலியையும், திருத்த வேண்டும். முகப்பு கட்டும் கருவியான கேட்ஸ்பியை நம்பித் தளம் கட்டியவர்களைக் கேளுங்கள். 2023-இல் நெட்லிஃபை நிறுவனம் அதை வாங்கிய பிறகு அதன் வளர்ச்சி எப்படித் தளர்ந்தது என்று சொல்வார்கள். இந்த ஓட்டத்துக்கெல்லாம் ஒரு பகுதிநேர ஆள் ஈடுகொடுப்பாரா?

பொருநைமகள்:
நான் ஒரு வார இதழின் இணையப் பதிப்பில் உதவி ஆசிரியர். நிரல் எழுதத் தெரியாது. ஹெட்லெஸில் வேலை செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் திரையில் வரிசையாகப் பெட்டிகள்: தலைப்பு, துணைத்தலைப்பு, உடல், படம். நிரப்பிவிட்டு வெளியிடு பொத்தானை அழுத்துவோம். பக்கம் எப்படி இருக்கும் என்று வெளிவந்த பிறகுதான் தெரியும். முன்னோட்டம் வேண்டும் என்று கேட்டோம். அது தனி வேலை, இரண்டாம் கட்டத்தில் செய்யலாம் என்றது கட்டிக்கொடுத்த நிறுவனம். இரண்டாம் கட்டம் வரவே இல்லை.

கவிதை போடும் நாள்தான் கொடுமை. வரி எங்கே உடைகிறது, இரண்டு பத்திகளுக்கு நடுவே இடைவெளி விழுந்ததா என்று பார்க்க முடியாது. கவிஞர் தொலைபேசியில் அழைத்து, 'என் நான்காவது வரியை மூன்றாவதோடு ஒட்டிவிட்டீர்களே' என்பார். திருத்தி வெளியிட்டால் தளம் மறுபடி உருவாகி முடியும்வரை பழைய பக்கமே நிற்கும். வைகைக்கரை, உங்கள் ஆசிரியர்கள் இருவரையும் அந்தத் திரையின் முன் உட்காரவைத்து ஒரு கவிதையை ஏற்றச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மின்மினி:
பொருநைமகள் சொல்வது நியாயமான கோபம். முன்னோட்டமில்லாமல் ஒப்படைத்தது கட்டியவர்களின் அலட்சியம்தான். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் வரைவைக் காட்டும் வசதி உண்டு, மாறிய பக்கத்தை மட்டும் புதுப்பிக்கும் வழியும் உண்டு. இரண்டையும் முதல் கட்டத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கவிதையையே எடுத்துக்கொள்வோம். வேர்ட்பிரஸ் அதை வடிவமைத்த உரையாக, ஒரே துண்டாகச் சேமிக்கிறது. கைபேசியின் குறுகிய திரையில் நீண்ட வரி மடங்கும்போது, கவிஞர் உடைத்த வரி எது, திரை உடைத்த வரி எது என்று வாசகருக்குத் தெரியாது. வரிவரியாகப் பிரித்துச் சேமித்தால், மடங்கிய பகுதியைச் சற்று உள்தள்ளிக் காட்டச் செயலிக்குத் தெரியும். அச்சில் காலங்காலமாகச் செய்யும் மரியாதை இது. இணையத்தில் அதைச் செய்ய முடிகிறதே என்றுதான் இந்தப் பக்கம் நிற்கிறேன்.

நொய்யல்:
பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஹெட்லெஸ் என்றால் தரவுத்தளம் வெளியே தெரியாது, ஊடுருவுவது கடினம் என்கிறார்கள்.

தச்சன்:
பாதி உண்மை. 2017 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 4.7.2 ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. கடவுச்சொல் இல்லாமலேயே யார் வேண்டுமானாலும் பதிவைத் திருத்தலாம் என்றிருந்த ஓட்டை. புதுப்பிக்காமல் விட்ட தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. ஓட்டை எங்கே இருந்தது? புதிதாகச் சேர்த்த ஏபிஐயில். நடுவில் ஏபிஐ வைத்தால் அதையும் காவல் காக்க வேண்டும்.

மின்மினி:
அந்த ஏபிஐ எல்லோருக்கும் திறந்திருந்தது. எழுதும் தளத்தை அலுவலகத்துக்கு மட்டும் திறந்து, வாசகருக்கு ஆயத்தப் பக்கங்களை மட்டும் கொடுத்தால் அந்தத் தாக்குதல் வாசலையே எட்டியிருக்காது.

நொய்யல்:
அப்படியானால் தமிழில் மட்டும் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பக்கம் போனாலும் உதவும். வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது ஒரு தமிழ்க் குறியீடு, விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த வடிவத்துக்கு மாறி, ஒன்பது எழுத்து இடம் பிடிக்கிறது. முகவரிக்கான இடமோ 200 எழுத்துதான். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வருவதால் 22 குறியீட்டோடு முடிந்துவிடும். 'மழைக்காலத்து நெல்வயல்கள்' என்று தலைப்பிட்டால் முகவரியின் கடைசிச் சொல் 'நெல்வயல்கள' என்று புள்ளியில்லாமல் நிற்கும். இதழ் எண்ணையும் ஒரு சிறு எண்ணையும் வைத்து முகவரி அமையுங்கள். பின்னாளில் தளத்தை மாற்றினாலும் பழைய இணைப்புகள் அறுந்துபோகாது.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. பொருநைமகள் சொன்னபடி ஆசிரியர்கள் இருவரையும் மாதிரித் திரையில் கவிதை ஏற்றச் சொன்னேன். முன்னோட்டம் எங்கே என்பதுதான் இருவரின் முதல் கேள்வியும். நிறுவனத்திடம் விடை இல்லை. எனவே வேர்ட்பிரஸிலேயே இருக்கிறோம். பதிவு வகைகளையும் வகைப்பாடுகளையும் ஒழுங்குபடுத்திவிட்டு, செயலிக்கு அதன் ஏபிஐயையே கொடுப்பதாக முடிவு. முகவரிகளையும் எண்ணுக்கு மாற்றுகிறோம்.

மின்மினி:
எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் உங்கள் ஆள்பலத்தை நீங்கள்தான் அறிவீர்கள். ஒன்றை மட்டும் விடாதீர்கள். ஷார்ட்கோடுகளை இப்போதே களையுங்கள், கவிதைகளின் வரிகளை இப்போதே பிரித்து வையுங்கள். நிறுவனத்துக்கு இறுதித் தவணையைக் கொடுப்பதற்கு முன், ஏதாவது ஓர் இதழை முழுவதுமாக, புலம் புலமாகப் பிரிந்த கோப்பாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

தச்சன்:
இதில் மின்மினியோடு முழுவதும் உடன்படுகிறேன். கோப்பைத் திறந்து மொழிபெயர்ப்பாளர் பெயர் தனியாக வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.