குழுவாகப் படிக்க லைபிரரியில் இடமில்லை, வட்ஸ்அப்பில் போட்டதெல்லாம் தொலைகிறது. என்ன செய்யலாம்?

பாலைமரம்:
எல்லாருக்கும் வணக்கம். வன்னியில் ஒரு கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சிறு குளங்களின் நீர்ப்பாசனம் பற்றி ஆறு பேர் சேர்ந்து ஒரு செயற்றிட்டம் செய்கிறோம். லைபிரரிக்குள் வாய் திறந்தால் எழுப்பி விடுகிறார்கள். வெளியே மரத்துக்குக் கீழே இருந்தால் வெயில் ஏற ஏற லப்டொப் திரையே தெரியாது, சார்ஜ் போட வழியும் இல்லை. அதைவிடப் பெரிய கவலை, கமக்காரர்களிடம் எடுத்த குரல்பதிவுகள், வாய்க்கால் படங்கள், வாசித்த கட்டுரைகள் எல்லாம் வட்ஸ்அப் குழுவில்தான் கிடக்கின்றன. போன வருட அணியும் இதே தலைப்பில் செய்ததாம், போனை மாற்றியதோடு எல்லாம் போய்விட்டது என்கிறார்கள். மற்ற இடங்களில் நூலகங்கள் இதற்கு என்ன செய்கின்றன? நாங்கள் போய் என்னவென்று கேட்பது?

அலுமாரிக்காரன்:
தங்கச்சி, நான் நூலகத்தில்தான் வேலை செய்கிறேன், அதனால் உள்ளபடி சொல்கிறேன். நீங்கள் கேட்பது புதிதல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நூலகம் 1992இலேயே மாணவர்கள் கணினியைச் சுற்றி இருந்து கதைத்து வேலை செய்ய ஒரு பகுதியை ஒதுக்கியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2007இல் திறந்த கட்டடத்தில் குழு அறைகளும் சத்தமே கூடாத அறைகளும் ஒன்றாகவே இருக்கின்றன. கட்டடத்துக்குக் காசு இல்லை என்றுதான் இங்கே முதலில் சொல்வார்கள். நீங்கள் கட்டடம் கேட்காதீர்கள். பழைய சஞ்சிகைகள் அடுக்கிய அறை ஏதாவது பூட்டிக் கிடக்கும், அதைப் பின்னேரங்களில் திறந்து ஒரு மேசையும் கரும்பலகையும் நீட்டு வயரும் தரச் சொல்லிக் கேளுங்கள். யார் எப்போது வருகிறார்கள் என்று பதியும் கொப்பியை நீங்களே பொறுப்பெடுங்கள், அப்போதுதான் நூலகருக்கும் பயம் போகும்.

அப்புறம், உங்கள் நூலகப் பட்டியல் கோஹாவில் ஓடுகிறதா என்று பாருங்கள். கோஹா நியூசிலாந்தில் ஒரு சிறு ஊர் நூலகத்துக்காக எழுதப்பட்ட இலவச மென்பொருள். அதில் மாணவர் கருத்து எழுதலாம், தலைப்புவாரியாகப் பொதுப் பட்டியல் போடலாம், வாங்க வேண்டிய நூலைப் பரிந்துரைக்கலாம். பல இடங்களில் இந்த வசதிகளை யாரும் முடுக்கி விடுவதே இல்லை, கேட்க ஆள் இல்லாததுதான் காரணம்.

கடைசி மேசை:
அறை கேளுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் வாசிப்பு மண்டபத்தைக் கதைக்கும் இடமாக்க மட்டும் கேட்காதீர்கள். வீட்டில் ஒரே ஒரு அறை, தம்பி தங்கச்சி, ரிவி எல்லாம் அதற்குள்தான். எனக்கு அமைதியாக இருந்து படிக்கக் கிடைக்கும் ஒரே இடம் அந்த மண்டபம். என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் எழும்பி வந்து சொல்லமாட்டார்கள்.

கட்டுக்கரை:
எல்லாரும் இடத்தைப் பற்றியே கதைக்கிறீர்கள், எனக்குப் பதிவுகள்தான் முக்கியமாகப் படுகிறது. வட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், யார் எதை மாற்றினார் என்ற வரலாறும் இருக்காது. கட்டுரைக் குறிப்புகளுக்கு சொட்டெரோவில் (Zotero, நூல் விபரங்களைச் சேர்த்து வைக்கும் இலவச மென்பொருள்) ஒரு குழு தொடங்குங்கள், ஆறு பேரும் சேர்க்கலாம், திருத்தலாம். கோப்புகளுக்கு இலவசமாகக் கிடைப்பது 300 எம்பிதான், அதனால் நூல் விபரங்களை மட்டும் அதில் வையுங்கள். அறிக்கையை கூகுள் டொக்ஸில் எழுதினால் பழைய வடிவங்கள் அழியாது. புத்தகம் முழுவதையும் ஸ்கான் பண்ணிப் பகிராதீர்கள், உரிமை வேறு ஆட்களுடையது.

குரல்பதிவுகள்தான் பெரிய சொத்து. 'நூலகம்' என்ற பெயரில் நடக்கும் இணைய நூலகத் திட்டம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறது, அதுவும் விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில், பலர் கை சேர்த்து. எங்கள் பக்கம் இடம்பெயர்வுகளில் காகிதம் எவ்வளவு போனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மிஞ்சியது ஆட்களின் வாயில்தான் இருக்கிறது. கம்பஸ் நூலகம் மாணவர் சேர்த்ததைத் தன் டிஜிட்டல் சேமிப்பகத்தில் வைக்காவிட்டால் வேறு யார் வைப்பது? நூலகரிடம் முதலில் இதைத்தான் கேட்கவேண்டும் என்பேன். ஆனால் பேசியவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், பெயர் போடலாமா என்றும் கேளுங்கள்.

பாலைமரம்:
நன்றி அண்ணாமார், கடைசி மேசைக்கும் நன்றி, மண்டபத்தில் கை வைக்கமாட்டோம். அறைக்கும் சேமிப்பகத்துக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுகிறோம். சம்மதப் படிவம் யாரிடமாவது தமிழில் இருந்தால் இங்கே போடுங்கள், ஒரு ஐயாவுக்கு வாசிக்கத் தெரியாது, அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு அவர் சொல்வதையே பதிவு செய்தால் போதுமா?

கட்டுக்கரை:
போதும். திகதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், பக்கத்தில் அவர் வீட்டார் ஒருவர் இருக்கட்டும். படிவம் என்னிடம் இருக்கிறது, இரவு போடுகிறேன்.